மலரில "எமது சாதனைகள்" பக்கம்: சட்டத்துறை பழைய ஆக்களிட்ட ஒரு கேள்வி

மலர்க்குழு_தங்கச்சி எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். துறை மலர் இந்தமுறை எங்கட பட்ச்சின்ர கையில. வாழ்த்துச் செய்தியெல்லாம் வந்திட்டுது (அதுக்கு மட்டும் ஒருத்தரும் பிந்திறேல்லை). கவிதையும் அளவுக்கு மிஞ்சி வந்து கிடக்கு. இழுபடுறது "எமது சாதனைகள்" எண்ட பக்கம்தான்.

குழுவுக்குள்ள ரெண்டு கட்சி. மூட் கோர்ட் (மாதிரி வழக்கு வாதாடுற போட்டி), விவாதம், கிரிக்கெட், ஆர் முதல் வகுப்பு, ஆர் நீதிச்சேவைப் பரீட்சை பாஸ் எண்டு படத்தோட பட்டியல் போடச் சொல்லுது ஒண்டு. அப்பிடிப் பட்டியல் எந்தத் துறை மலரிலயும் இருக்கு, யாழ்ப்பாணத்தில ஒரு சட்டத்துறை இருக்கிறதால என்ன மாறினது எண்டு எழுதுவம் எண்டுது மற்றது. நான் ரெண்டாவது கட்சி. ஆனால் "சரி, என்ன மாறினது? சொல்லு பாப்பம்" எண்டு கேட்டால் என்னட்ட வடிவான மறுமொழி இல்லை. நாங்கள் வந்து கொஞ்சக் காலம்தானே. படிச்சு முடிச்சுப் போன நீங்கள் சொல்லுங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ, பேச்சுப்போட்டிக் கதை வேண்டாம்.

வெள்ளவத்தை_ஒழுங்கை எழுதியது:

பட்டியலைப் போடுங்கோ. கப்பைப் படம் எடுத்துப் போடுங்கோ. விளம்பரம் தாற கடைக்காரர் அதைத்தான் பாப்பினம். முடிஞ்சுது அலுவல்.

தோம்பு எழுதியது:

தங்கச்சி, நான் உங்கள் துறையில் படித்தவனல்ல. நான் படிக்கிற காலத்தில் அப்படியொரு துறை இங்கே இருக்கவில்லை. எழுத வந்ததே அதனால்தான்.

நீங்கள் தினமும் நடந்து திரிகிற வளாகம், 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம். அவரே சட்டத்தரணி, சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர். 1974இல் அங்கே பல்கலைக்கழக வளாகம் வந்தது. அதில் சட்டம் படிப்பிக்க மேலும் முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை இந்த ஊர்ப் பிள்ளை அப்புக்காத்தாக வேண்டுமென்றால் 1874இல் தொடங்கிய புதுக்கடைச் சட்டக்கல்லூரி, இல்லையேல் கொழும்புப் பல்கலைக்கழகம், அதுவும் இல்லையேல் வேலை பார்த்துக்கொண்டு திறந்த பல்கலைக்கழகம். கொழும்பில் தங்க ஒரு மாமா வீடு வேண்டும். பிறகு வேலை பழக்க ஒரு சீனியர் வேண்டும், அவரும் பெரும்பாலும் இன்னொரு மாமாதான். இங்கே பழைய சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனால் ஒரு சில குடும்பங்களின் வம்சவழியை மனனம் பண்ணிவிடலாம். (என் குடும்பமும் அதில் ஒன்றுதான், மறைக்க ஒன்றுமில்லை.) பாதை மூடிக் கிடந்த காலங்களில் மாமா இருந்தவனுக்கும் கொழும்பு எட்டாமல் போனது.

இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் எனக்கு எதிர்த்தரப்பில் எழும்புகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். தகப்பன் கடற்றொழில், தகப்பன் தோட்டம், தகப்பன் எங்கே என்றே தெரியாது. அப்படி ஒரு பிள்ளை போன தவணையில் என் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் ஒரு வழி பண்ணிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அந்தப் பக்கத்தில் முதலில் போடவேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

கலட்டிச்சந்தி எழுதியது:

ஐயா சொல்லுறது சரி. ஆனால் எல்.எல்.பி. எடுத்த உடனே ஆரும் கறுப்புக் கோட் போடேலாது எண்டதையும் பிள்ளையள் எழுதவேணும். சட்டக்கல்லூரியின்ர இறுதிப் பரீட்சை, பேந்து ஒரு சீனியருக்குக் கீழ ஆறு மாதம் அப்ரன்டிஸ், பேந்து உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணம். மாமா வீடு இல்லாதவைக்குக் கொழும்புக் கண்டம் அங்கதான் தொடங்குது.

எங்கட பட்ச் பெடியள் சேர்ந்து வெள்ளவத்தையில ஒரு அறை எடுத்தனாங்கள். சோதினை முடிஞ்சு வெளிக்கிடேக்க வீட்டுக்காரரோட கதைச்சு அடுத்த பட்ச்சுக்கு மாத்திக் குடுத்தம். அவை தங்களுக்கு அடுத்த பட்ச்சுக்குக் குடுத்தினம். ரைஸ் குக்கர், ரெண்டு மெத்தை, ஓரம் கிழிஞ்ச சிவில் நடவடிக்கைச் சட்டக்கோவை, எல்லாம் அறையோட சேர்ந்து கை மாறும். சத்தியப்பிரமாணத்துக்கு நான் போட்ட கோட் எனக்கு முன்னம் ஒரு அண்ணா போட்டது. அது இப்ப ஆற்ற உடம்பில நிக்குதோ தெரியாது.

பெட்டையளுக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் அப்பிடியொரு அறை இருந்தது. அந்த அக்காமார் ஆராவது இஞ்ச இருந்தால் எழுதுங்கோ.

வெள்ளவத்தை_ஒழுங்கை எழுதியது:

அந்த ரைஸ் குக்கர் என்ர. இன்னும் காசு வரேல்லை.

பங்குக்கிணறு எழுதியது:

கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் மூண்டாம் வருசம் படிக்கேக்க சனசமூக நிலையங்களுக்குப் போய்ச் சட்ட விளக்கம் சொல்லுவம். முதல் நாள் மனித உரிமை எண்டு பவர்பொயின்ற் போட்டம். வந்திருந்த அம்மாமார் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு இருந்திட்டு, முடிய ஒவ்வொருத்தரா சொப்பிங் பையைத் திறந்தினம். உள்ளுக்குள்ள காணி உறுதி. கறையான் தின்ற உறுதி, நாலாம் பக்கம் இல்லாத உறுதி, போட்டோக்கொப்பி மட்டும் இருக்கிற உறுதி. அடுத்த முறை பவர்பொயின்ற்றை வீட்டில வைச்சிட்டு, காணிப் பதிவகத்தில உறுதியின்ர பிரதி எடுக்கிறது எப்பிடி எண்டு மட்டும் சொன்னம். கூட்டம் ரெண்டு மடங்கு வந்துது.

அந்த நேரம்தான் 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. தெரியாதவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேறொருத்தற்ற காணியைப் பத்து வருசம் தடையில்லாமல், தன்ர எண்டு பிடிச்சு வைச்சிருந்தவர் அதுக்கு உரித்துக் கேட்கலாம். ஊரை விட்டுப் போனவன் இருபது வருசத்தால திரும்பி வந்தால், வேலிக்குள்ள நிக்கிறவர் "பத்து வருசம் கழிஞ்சுது தம்பி" எண்டுவார். 1983 மே 1 தொடங்கி 2009 மே 18 வரைக்கும் ஆயுதக் குழுக்களின்ர நடவடிக்கையால தங்கட உரிமையைக் கேட்டு வழக்குப் போட ஏலாமல் போனவைக்கு அந்தப் பத்து வருசக் கணக்கு ஓடாது எண்டு புதுச் சட்டம் சொன்னது. ஆனால் வழக்கை இரண்டு வருசத்துக்குள்ள போடவேணும். ஆமியால வெளிக்கிட்டவைக்கு எழுதின சட்டம் இல்லை எண்டது வேற கதை, அதைப் பற்றி வகுப்பில அடிபிடிப்படாத குறை.

அந்த இரண்டு வருசக் கதை சனத்துக்குத் தெரியவே தெரியாது. வர்த்தமானி வாசிக்கிற சனமே இது? நாங்கள் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அடிச்சம். கோயில், பள்ளிவாசல், சங்கக்கடை, முடிவெட்டுற கடை எண்டு குடுத்தம். அதைப் பாத்து எத்தினை பேர் வழக்குப் போட்டிச்சினமோ தெரியாது. ஆனால் ஆரோ ஒராள் போட்டிருந்தால் அதை மலரில போடேலாதே?

புத்தளத்தான் எழுதியது:

பங்குக்கிணறு நானா, ஒராள் போட்டார். எங்கட வாப்பா.

எங்கட குடும்பம் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு, முஸ்லிம் ஆக்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் கையில கொண்டுபோகக் கூடினதோட வெளியேறச் சொல்லி, புத்தளத்துக்கு வந்து சேர்ந்த ஆக்கள். நான் பிறந்தது தில்லையடியில. இசட் புள்ளி வந்து, சட்டத்துக்கு யாழ்ப்பாணம் கிடைச்சிருக்கு எண்டு சொன்ன நாள் உம்மா ஒண்டும் பேசயில்லை. வாப்பா மட்டும் "போ, படி, எங்கட வளவைப் பாத்துட்டு வா" எண்டார்.

முதல் வருசம் நான் ஒருத்தரோடயும் பெரிசாக் கதைக்கயில்லை. கன்டீனில ஒரு மூலை. பட்ச்சில ஒருத்தன் (இப்ப முல்லைத்தீவுப் பக்கம் சட்டத்தரணியா இருக்கான், பேர் வேணாம்) ஒரு நாள் சைக்கிள்ள ஏத்திக்கொண்டு சோனகத் தெருவுக்குப் போனான். வளவைத் தேடிக் கண்டுபிடிச்சம். சுவர் இருந்திச்சு, கூரை இல்லை, பக்கத்து வளவுக்காரர் எங்கட பாதியையும் சேர்த்து வேலி போட்டிருந்தார். அவரோட சண்டை பிடிக்க அவன்தான் வெளிக்கிட்டான், நான் தடுத்தன்.

பிறகு அந்தத் துண்டுப்பிரசுரம் பள்ளியில எனக்கும் கிடைச்சிது. எங்கட துறை ஆக்கள் எழுதினது எண்டு எனக்கே தெரியாது. வழக்கு இழுபட்டு, கடைசியில எல்லையை இணக்கத்துல தீர்த்துக்கொண்டம். வாப்பாட பேரில இப்ப உறுதி இருக்கு. மலரில போடுறது உங்கட விருப்பம். எங்கட பேர் மட்டும் வேணாம்.

பங்குக்கிணறு எழுதியது:

தம்பி, இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?

புத்தளத்தான் எழுதியது:

நீங்க கேக்கயில்லையே நானா.

வன்னிப்பெட்டை எழுதியது:

இஞ்ச எல்லாரும் மூட் கோர்ட்டைக் குறைச்சுக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒரு சொல் நானும் சொல்லவேணும்.

எனக்கு மாமா இல்லை. ஆங்கிலமும் இல்லை. 2009இல முள்ளிவாய்க்காலால வந்து, செட்டிகுளம் முகாமில இருந்து, பேந்துதான் திரும்பப் பள்ளிக்கூடம். துறைக்கு வந்து முதல் விரிவுரை முழுக்க ஆங்கிலம். பக்கத்தில இருந்தவளும் எழுதினாள், நானும் எழுதினன். பேந்து ரெண்டு கொப்பியையும் ஒத்துப்பாத்தம், ரெண்டும் வேற வேற பாடம் மாதிரிக் கிடந்துது.

ரெண்டாம் வருசம் ஒரு சர்வதேச மனிதாபிமானச் சட்ட மூட் போட்டிக்கு ஆள் எடுத்தினம். கூட்டிக்கொண்டு போகவே யோசிச்சினம், ஏனெண்டால் என்ர உச்சரிப்பு. ஆனால் மெமோரியல் (போட்டிக்குக் குடுக்கிற எழுத்து வாதம்) எழுதேக்க ஜெனீவா உடன்படிக்கைகளின்ர பொது உறுப்புரை 3இல "காயப்பட்டோரும் நோயுற்றோரும் சேகரிக்கப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும்" எண்ட வரி வந்துது. மற்றவைக்கு அது ஒரு வரி. எனக்கு அதில என்னென்ன வாதம் வரும், எதிர்த்தரப்பு எங்க நழுவும் எண்டு புத்தகம் இல்லாமலே தெரியும். நான்தான் அந்தப் பகுதியை வாதாடினனான். பெஞ்சில இருந்தவர் ஒருத்தர் "ஆஸ்பத்திரி எண்டு அடையாளம் போட்டிருந்தாலே காணுமோ?" எண்டு திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். நிண்டு மறுமொழி சொன்னன்.

கப் வரேல்லை. அரையிறுதிக்கும் போகேல்லை. ஆனால் அந்தப் பெஞ்சில இருந்தவற்ற சேம்பரிலதான் நான் பிறகு அப்ரன்டிஸ் செய்தனான். அவரே கேட்டுக் கூப்பிட்டவர். மாமா இல்லாத பிள்ளைக்கு மூட் எண்டது தன்னைக் காட்டுறதுக்கு ஒரு இடம். அதால வெண்டவையின்ர படத்தைப் போடுங்கோ, போட்டிக்குப் போய்த் தோத்த எல்லாற்ற பேரையும் சேர்த்துப் போடுங்கோ.

தோம்பு எழுதியது:

பிள்ளை எழுதியது எனக்கு உறைத்தது. கப்புகளுக்கு எதிரான ஆள் நானல்ல, அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

குப்பி_மாஸ்ரர் எழுதியது:

ஆங்கிலக் கதை வந்ததால குப்பியைப் பற்றி எழுதாட்டில் குத்தம். சோதினைக்கு முதல் சீனியர்மார் இரவிரவாத் தமிழில திருப்பிப் படிப்பிக்கிறதுக்குப் பேர்தான் குப்பி. வெளியாக்களுக்கு இது தெரியாது. 1932இல ஸ்கொற்லாந்தில இருந்து வந்த டொனொகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, இஞ்சிச்சோடாப் போத்தலுக்குள்ள நத்தை. எங்களுக்கு அந்த வழக்கைப் படிப்பிச்ச அண்ணா அதைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவந்திட்டார். நெல்லிரசப் போத்தல், வாங்கிக் குடுத்தது கூட்டாளி, குடிச்சது நீ, இப்ப ஆருக்கு மேல வழக்கு? கடைக்காரனோ கொம்பனியோ? இண்டைக்கும் கவனயீன வழக்கு வந்தால் எனக்கு நெல்லிரச மணம்தான் வருது.

இன்னொண்டு. 2017 செப்ரெம்பர் 27, புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில மூண்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன நாள். ஏழு பேருக்கு மரணதண்டனை, ரெண்டு பேர் விடுதலை. தீர்ப்பு வந்த இரவு ஹொஸ்டலில ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில தூக்கில போட்டதில்லை, அப்ப அந்தத் தண்டனைக்கு என்ன அர்த்தம் எண்டு ஒரு பகுதி. அந்தத் தாயின்ர இடத்தில நிண்டு கதை எண்டு மற்றப் பகுதி. விடியப்புறம் தேத்தண்ணிக் கடை திறக்கும்வரைக்கும் போச்சுது. ஒரு விரிவுரையிலயும் நான் அவ்வளவு குற்றவியல் சட்டம் படிச்சதில்லை.

சீதனக்காணி எழுதியது:

அண்ணாமார் சோடாவையும் சைக்கிளையும் கதைக்கிறியள். நான் யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டமான தேசவழமையைக் கொண்டுவாறன்.

1707இல ஒல்லாந்தற்ற திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பாத்துச் சரியெண்டு சொன்ன சட்டம். அந்தப் பன்னிரண்டு பேருக்குள்ள ஒரு மனிசி இருந்திருப்பாவோ? 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவால கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சொந்தக் காணியை, சீதனமா வந்த காணியை, புருசன் எழுத்தில சம்மதம் தராமல் விற்கேலாது. புருசன் இருக்கிற வீட்டில அது ஒரு கையெழுத்து. புருசன் காணாமற்போன வீட்டில? 8ஆம் பிரிவால மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், இருப்பிடம் தெரியாது எண்டு காட்டி, நீதிமன்றத்தின்ர சம்மதம் எடுக்கவேணும். பிள்ளையின்ர படிப்புக்குத் தன்ர காணியை ஈடு வைக்கப் போன மனிசி, அதுக்காகவே "அவர் எங்கயெண்டு தெரியாது" எண்டு சத்தியக்கடதாசி முடிக்கவேணும். அதில கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு எழும்பிப் போன அம்மாவை நான் கண்ணால கண்டனான். கையெழுத்து வைச்சால் மனிசன் இல்லையெண்டு தானே ஒத்துக்கொண்ட மாதிரி எண்டு சொன்னா. காணி இப்பவும் அப்பிடியே கிடக்கு.

எங்கட வகுப்பில இதைப் பற்றி நடந்த விவாதத்தில பெடியள் கனபேர் "தேசவழமை எங்கட அடையாளம், கை வைக்கக்கூடாது" எண்டு நிண்டினம். அடையாளம் ஆற்ற, சுமை ஆற்ற எண்டு கேட்டம். ரெண்டு பகுதியும் மாறிமாறிக் கட்டுரை எழுதினது. அந்தக் கட்டுரையளைத் தேடி எடுத்து மலரில திரும்பப் போடுங்கோ. 6ஆம் பிரிவை மாத்தவேணும் எண்டதில என்ர கருத்து மாறேல்லை.

கலட்டிச்சந்தி எழுதியது:

அக்கா, நான் அண்டைக்கு எதிர்ப்பக்கம். இப்ப நொத்தாரிசு வேலை செய்து பாத்தாப் பிறகு உங்கட பக்கம்.

முறிகண்டி_பஸ் எழுதியது:

2020 டிசம்பரில சட்டக்கல்லூரிச் சோதினையெல்லாம் ஆங்கிலத்தில மட்டும் எண்டு வந்த வர்த்தமானியையும் எழுதவேணும். 2023 மார்ச்சில பாராளுமன்றம் அதைத் தோற்கடிச்சது, ஆதரவா விழுந்தது ஒரே ஒரு வாக்கு. எங்கட துறையே ஆங்கிலத்தில படிப்பிக்குது, எங்களுக்கென்ன எண்டு அப்ப சிலபேர் இருந்தினம். வடக்கு நீதிமன்றங்களில வழக்குத் தமிழில நடக்குது எண்டது அவைக்கு முதல் மனுவை எழுதேக்கதான் விளங்கினது. பழைய ஐயாமாருக்குப் பக்கத்தில இருந்து தமிழில மனு எழுதப் பழகினதைப் பற்றி ஒருத்தரைக்கொண்டு ஒரு பக்கம் எழுதுவியுங்கோ. நான் எழுதமாட்டன், நேரமில்லை.

தோம்பு எழுதியது:

இன்னொன்றும் விடுபடுகிறது. நாவற்குழியில் 1996இல் காணாமற்போன இளைஞர்களுக்கான ஆட்கொணர்வு மனுக்களில் முன்னின்றவர் உங்கள் துறையின் விரிவுரையாளர் குருபரன். 2019இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவர் வெளியே சட்டத்தொழில் செய்வதைத் தடுத்தது. 2020இல் அவர் பதவியை விட்டு விலகினார். துறையின் வரலாறு எழுதும்போது அதைத் தாண்டிப் போக முடியாது.

வெள்ளவத்தை_ஒழுங்கை எழுதியது:

ஐயா, அது மலரில போகாது. பெரும்பொருளாளரா இருக்கிற விரிவுரையாளற்ற கையெழுத்துக்குப் போய்ச் சிவப்புப் பேனையோட திரும்பி வரும்.

சீதனக்காணி எழுதியது:

அனுப்பிப் பாக்காமலே வெட்டுறது எந்தச் சட்டத்தில இருக்கு? அனுப்பட்டும். வெட்டினால் ஏன் எண்டு எழுத்தில கேட்கட்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சோதினைக்கு மட்டும் படிக்கிறதோ?

மலர்க்குழு_தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உங்கட பதிவுகளை அச்செடுத்து இண்டைக்குக் கன்டீனில குழுவா இருந்து வாசிச்சம். பட்டியல் கட்சியின்ர தலைவர் வன்னி அக்கான்ரதை ரெண்டு தரம் வாசிச்சார்.

இப்போதைக்கு எடுத்த முடிவு இதுதான். கப் பட்டியல் போகும், ஆனால் ஒரு பக்கத்துக்குள்ள, போட்டிக்குப் போன எல்லாற்ற பேரோட. வெள்ளவத்தை அறை, கொட்டாஞ்சேனை அறை ரெண்டைப் பற்றியும் ஆராவது எழுதித் தாங்கோ. காணிக் கதை பேர் இல்லாமல் போகும், புத்தளம் நானா ஓமெண்டால் மட்டும். தேசவழமைக் கட்டுரையள் ரெண்டும் கண்டுபிடிச்சிட்டம், ஒண்டு கலட்டிச்சந்தி அண்ணா எழுதினது, "எங்கட முன்னோர் மடையர் அல்லர்" எண்டு தொடங்குது. போடட்டோ அண்ணா? தோம்பு ஐயா சொன்ன விசயம் வரைவில கிடக்கு, பெரும்பொருளாளரிட்ட அப்பிடியே போகுது.

கலட்டிச்சந்தி எழுதியது:

ஐயோ. போடு, போடு. கீழ என்ர இப்பத்தைய கருத்துக்கு நாலு வரி இடம் விடு.

புத்தளத்தான் எழுதியது:

வாப்பாட்டக் கேட்டன். போடச் சொன்னார். சுவர் இருந்திச்சு எண்டு எழுதாம, சுவரில நீலச் சுண்ணாம்பு இருந்திச்சு எண்டு எழுதட்டாம்.

மலர்க்குழு_தங்கச்சி எழுதியது:

சரி நானா. கட்டுரை அனுப்புற எல்லாரும் தயவுசெய்து யூனிகோட்டில அனுப்புங்கோ. போனமுறை பாமினி எண்ட பழைய எழுத்துருவில வந்ததை மாத்தேக்க சட்டப்பிரிவு இலக்கமெல்லாம் குழம்பிப் போச்சுதாம்.

தோம்பு எழுதியது:

நான் கையால் எழுதித்தான் தருவேன். நீதிமன்றத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை எனக்குத் தவணை இருக்கிறது.